லண்டனிலிருந்து சிட்னி எவ்வளவு தூரம்?

லண்டன் மாநகருக்கும் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? இந்த வினாவுக்கு இரண்டு விடைகள் உண்டு. பூகோள ஆசிரியர் கூறும் விடை ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் என்பது. பழைய கணக்கில் 10,600 மைலுக்குச் சற்றுக் குறைவு. அது என்றும் மாறாத விடை. அவ்வழியே சென்றவர்களைக் கேட்டால் அவர்கள் கூறும் விடையோ காலந்தோறும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1788-இல் அது எட்டு மாதத் தூரம். 1919-இல் ஏறத்தாழ 28 நாள் தூரம். அதுவும் ஆஸ்திரேலியாவின் வடகரை வரைக்குந்தான். 1947-இல் நான்கு நாள். 2019-இல் பத்தொன்பது மணிக்குச் சற்று மேல்.

இந்தக் காலம் எவ்வாறு சுருங்கிற்று? விமானத்தின் வேகம் பெருகிற்று, ஆகவே நேரம் குறைந்தது என்று மாணவர்கள் விடை எழுதுவார்கள். விடைத்தாளைத் திருத்துகிறவன் நானாயின், அதற்குப் பாதி மதிப்பெண்ணே இடுவேன். மற்றப் பாதி எங்கே மறைந்திருக்கிறது என்பதைத்தான் இன்று நாம் தேடப் போகிறோம்.

முதலில் கப்பற் காலத்தைச் சிறிது பார்த்துவிடுவோம். 1787-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள், தண்டனை பெற்ற கைதிகளையும் அவர்களுக்குரிய காவலர்களையும் ஏற்றிக்கொண்டு பதினொரு பாய்க்கப்பல்கள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறையைவிட்டுப் புறப்பட்டன. அவை ஆஸ்திரேலியக் கரையை அடைந்தது 1788 ஜனவரியில். பின்னர் நீராவிக் கப்பல்கள் வந்தன; 1869-இல் சூயஸ் கால்வாயும் திறந்தது. எட்டு மாதம் ஆறு வாரம் அளவுக்கு இறங்கிற்று. இதனிடையே மனிதனை முந்திக்கொண்டு அவன் செய்தி சென்றுவிட்டது. 1871-இல் நம் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. அக்கம்பித் தொடர் சிங்கப்பூர், ஜாவா வழியே நீண்டு, 1872-இல் டார்வினைக் கடந்து ஆஸ்திரேலியாவின் தென்பகுதி நகரங்களை எட்டிற்று. செய்தி மணிக்கணக்கில் சென்றது. செய்தியை எழுதியவன் செல்வதானால் வாரக்கணக்கில் கடலில் ஆடியசைந்துதான் செல்ல வேண்டியிருந்தது.

முதல் உலகப்போர் முடிந்ததும் ஆஸ்திரேலிய அரசு ஒரு போட்டியை அறிவித்தது. பிரிட்டிஷ் பேரரசுக்குள் செய்யப்பெற்ற விமானத்தில், ஆஸ்திரேலியர்களே ஓட்டி, முப்பது நாளுக்குள் இங்கிலாந்திலிருந்து தாய்நாடு சேர்வோருக்குப் பரிசு பதினாயிரம் பவுன். பிரதமர் ஹியூஸ் இதனை முன்னின்று நடத்தினார். ஆறு விமானங்கள் புறப்பட்டன. டார்வினை அடைந்தவை இரண்டே. அவற்றுள் ஒன்று கெடு முடிந்து பல மாதங்களுக்குப் பின்னரே வந்து சேர்ந்தது. வேறு இரண்டு விமானங்கள் வீழ்ந்து நால்வர் மாண்டனர். பரிசுத் தொகையைப் பற்றிப் பேசும் நூல்கள் சில இந்நால்வரைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை என்பது எனக்கு என்றும் ஒரு குறை.

வென்றவர்கள் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் உடன்பிறந்தார் இருவரும், பென்னெட், ஷியர்ஸ் என்னும் இயந்திர வல்லுநர் இருவரும் ஆவர். 1919 நவம்பர் 12-ஆம் நாள் லண்டனை அடுத்த ஹௌன்ஸ்லோவில் அவர்கள் ஏறிய விக்கர்ஸ் விமி விமானம், இரண்டு பெட்ரோல் இயந்திரங்களைத் தாங்கிய ஒரு மரச்சட்டம். மேலே துணிப் போர்வை. தலைக்குமேல் கூரை கிடையாது. பனியும் மழையும் முகத்தில் அறையப் பறந்தார்கள். ரோம், கெய்ரோ, டமாஸ்கஸ், பஸ்ரா, கராச்சி, டில்லி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று ஊர் ஊராக இறங்கி ஏறி, டிசம்பர் 10-ஆம் நாள் டார்வினை அடைந்தார்கள். 27 நாளும் 20 மணி நேரமும் ஆயிற்று.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 27 நாள் 20 மணி என்பது மொத்தம் 668 மணி. அதில் அவர்கள் வானில் பறந்தது ஏறத்தாழ 136 மணியே. ஐந்தில் ஒரு பங்கு வானத்தில். நான்கு பங்கு தரையில்! பெட்ரோல் ஊற்றவும், இயந்திரத்தைப் பழுது பார்க்கவும், மழை விடக் காத்திருக்கவும், இரவில் கண்ணயரவுமே அந்த நான்கு பங்கும் சென்றன. அவர்களது விமானத்தின் வேகத்தை இரு மடங்கு ஆக்கியிருந்தாலும் மூன்று நாளுக்கு மேல் மிச்சம் பிடித்திருக்க முடியாது.

தரையிற் கழிந்த அக்காலம் வீண் என்று எண்ணிவிடலாகாது. ஜாவாவில் சுரபாயா நகரில் இறங்கியபோது விமானத்தின் சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிட்டன. மேலே கிளம்புவதற்கு உறுதியான நிலம் இல்லை. அவ்வூர் மக்கள் தங்கள் வீடுகளிலிருந்து மூங்கிற் பாய்களைக் கொண்டுவந்து சேற்றின்மேல் வரிசையாக விரித்து ஒரு பாதை அமைத்துக் கொடுத்தார்கள். அப்பாய்களின்மேல் ஓடித்தான் விமானம் எழுந்தது. பரிசு பெற்றவர்களின் பெயர் ஏட்டில் இருக்கிறது. பாய் கொடுத்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இனி வழியைப் பற்றி ஒரு வார்த்தை. பூகோள வகுப்பில் நான் ஒரு மாணவனை அழைத்து, பூகோள உருண்டையில் லண்டன்மேல் நூலின் ஒரு நுனியையும் சிட்னிமேல் மறு நுனியையும் வைத்து இழுத்துப் பிடிக்கச் சொல்வதுண்டு. நூல் எவ்வழியே செல்லும் என்று முன்னரே கேட்டால், வகுப்பு முழுவதும் கெய்ரோ, பம்பாய், சிங்கப்பூர் என்று முழங்கும். நூலோ அவற்றுள் ஒன்றையும் தொடாது. லண்டனிலிருந்து வடகிழக்கே எழுந்து, பால்டிக் கடலைத் தாண்டி, மாஸ்கோவுக்குச் சற்று வடக்கே சென்று, மத்திய ஆசியாவின் விளிம்பை ஒட்டி இறங்கி, சீனத்தையும் பிலிப்பைன் தீவுகளையும் ஊடறுத்து ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும். தட்டையான படத்தில் வளைந்து தோன்றும் இவ்வழியே உருண்டையில் மிகக் குறுகிய வழி. 17,000 கிலோமீட்டர் என்பது இந்நூலின் அளவுதான்.

அப்படியாயின் அக்காலத்து விமானிகள் ஏன் கராச்சியையும் கல்கத்தாவையும் சுற்றிக்கொண்டு போனார்கள்? சில நூறு மைலுக்கு ஒருமுறை அவர்கள் இறங்கியாக வேண்டும். இறங்குமிடத்தில் சமனான தரை வேண்டும். பெட்ரோல் பீப்பாய் வேண்டும். இறங்குவதற்கு இசைவும் வேண்டும். இம்மூன்றும் பிரிட்டிஷ் ஆட்சி பரவியிருந்த நாடுகளிலேயே பெரிதும் கிடைத்தன. ஆகவே அன்றைய வான்வழியைக் கீறியது நூலன்று, ஆட்சியின் எல்லைக்கோடு. நேர்வழியைக் காட்டிலும் அவ்வழி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மிகுதி.

அடுத்து வந்த ஆண்டுகளில் துணிவுடையோர் பலர் இவ்வழியே பறந்தனர். 1928-இல் பெர்ட் ஹிங்க்ளர் தனியொருவராகப் பதினைந்தரை நாளில் டார்வினை எட்டினார். 1930-இல் ஏமி ஜான்சன் என்னும் இளநங்கை பத்தொன்பதரை நாளில் தனியே பறந்து சேர்ந்தார். 1934 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு ஒரு பெரும் பந்தயம் நடந்தது. பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின் முதலிய ஐந்து இடங்களில் கட்டாயமாக இறங்க வேண்டும் என்பது அதன் விதி. ஸ்காட், காம்ப்பெல் பிளாக் என்னும் இருவர் 71 மணி நேரத்தில் சென்று முதற் பரிசு கொண்டனர்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை இரண்டாவதாக வந்த விமானத்தின் கதை. அது பந்தயத்துக்கென்று செய்யப்பட்டதன்று. டச்சுக் கம்பெனி ஒன்றின் பயணிகள் விமானம். யூவர் என்பது அதன் பெயர். தபாலையும் மூன்று பயணிகளையும் ஏற்றிக்கொண்டு வந்தது. மெல்போர்னை நெருங்கும் வேளையில் நள்ளிரவில் இடி மின்னல் புயலில் வழி தவறிவிட்டது. ஆல்பரி என்னும் சிறு நகரின்மேல் அது வட்டமிடும் ஓசையைக் கேட்ட ஊரார், தெரு விளக்குகளையெல்லாம் ஒருசேர அணைத்தும் ஏற்றியும் தந்திக் குறியீட்டில் தங்கள் ஊர்ப் பெயரை வானத்துக்கு அறிவித்தார்கள். உள்ளூர் வானொலி நிலையத்தார், மோட்டார் வைத்திருப்போர் அனைவரும் குதிரைப் பந்தயத் திடலுக்கு உடனே வருக என்று ஒலிபரப்பினார்கள். படுக்கையிலிருந்து எழுந்து வந்தவர்களின் கார் விளக்கொளியில், மழையில் ஊறிய அத்திடலிலே விமானம் பத்திரமாக இறங்கிற்று. மறுநாட் காலையில் சேற்றில் அழுந்திய அதனை ஊர்மக்களே கயிறு கட்டி இழுத்து விடுவித்தனர். வானொலியில் பேச வாய்த்த நான் இதை விரித்துச் சொல்வதைப் பொறுத்துக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

1935-இல் கட்டணம் செலுத்தும் பயணிகளுக்கென்று லண்டனுக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே விமானப் போக்குவரத்துத் தொடங்கிற்று. பன்னிரண்டரை நாள் பயணம். இடையில் பாரிசிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி வரை ரயிலில் செல்ல வேண்டும் என்பது இன்று கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். 1938 முதல் பெரிய கடல் விமானங்கள் சவுதாம்ப்டன் துறைக்கும் சிட்னித் துறைக்கும் இடையே ஓடலாயின. ஏறத்தாழ பத்து நாள் பயணம் அது. அவை நீரில் இறங்குவன ஆதலால் ஆறும் ஏரியும் விமான நிலையம் ஆயின. இராஜஸ்தானத்து ராஜசமந்த் ஏரியிலும் அவை இறங்கியதுண்டு. பயணிகள் மாலையில் இறங்கி, விடுதியில் உண்டு உறங்கி, விடியலில் மீண்டும் ஏறினார்கள்.

இந்தச் சங்கிலி 1942 பிப்ரவரியில் அறுந்தது. சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. இறங்குமிடங்கள் வரிசையாகக் கைவிட்டுப் போகவே, லண்டனும் சிட்னியும் மீண்டும் கப்பற்காலத்துத் தூரத்துக்கு விலகிவிட்டன. விமானத்தின் வேகம் அன்று ஓர் இம்மியும் குறையவில்லை என்பதை நினைவில் வையுங்கள். குறைந்தது இறங்கும் இடமே.

அறுந்த வழியை மீண்டும் கட்டுவதற்கு, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகருக்கும், நமக்கு அண்மையில் உள்ள இலங்கைத் தீவின் தென்கோடியில் காலியை அடுத்த கொக்கல ஏரிக்கும் இடையே, இந்துமாகடலை ஒரே தாவலாகத் தாண்டுவது என்று முடிவு செய்தார்கள். இடையிலே தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். 1943-இன் நடுவில் இப்பணி தொடங்கிற்று. இதற்கு வாய்த்த கேட்டலினா என்னும் கடல் விமானம் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் அளவே செல்லும். ஆகவே ஒரு பயணம் 27 மணி முதல் 33 மணி வரை நீடித்தது. ஏறியவர்கள் ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டார்கள். 'இரட்டைச் சூரியோதயப் பயணம்' என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று.

நெடுவழி போகும் மாட்டுவண்டிக்காரன் மாட்டுக்கு வேண்டிய வைக்கோலை வண்டியிலேயே ஏற்றினால், பாரத்துக்கு இடம் எங்கே இருக்கும்? அந்த நிலைதான் கேட்டலினாவுக்கும். ஏறத்தாழ 9,000 லிட்டர் பெட்ரோல். கிளம்பும்போதிருந்த மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு அதுவே. எஞ்சிய இடத்தில் மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும் மட்டுமே கொள்ளும். பகைவர் கேட்டுவிடக் கூடாதென்று வானொலிக் கருவி பெரும்பாலும் வாய்மூடிக் கிடந்தது. வழி காட்டியவை விண்மீன்களே. அதற்கேற்ப ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயரையே இட்டிருந்தார்கள். அல்டேர், வேகா, ரைஜல், அன்டாரெஸ், ஸ்பைகா என்பன அவை. இவற்றுள் நான்கை நீங்கள் அறிவீர்கள்: நம் பஞ்சாங்கத்தில் திருவோணம், அபிஜித்து, கேட்டை, சித்திரை என வருவன அவையே. 1945 ஜூலை வரை 271 முறை கடலைக் கடந்தும் ஒரு விமானமும் வழியில் அழியவில்லை. போர் முடிந்தபின், அமெரிக்காவுடன் செய்துகொண்ட கடன் உடன்படிக்கையின்படி அவற்றை வைத்துக்கொள்ள வழியின்றி, ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

கொக்கல ஏரிக்கரையில் விமானத் தளம் அமைப்பதற்காக அங்கிருந்த கிராமத்தார் 1942-இல் தம் வீடுகளைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ஊர் அதுவே. அவர் பிறந்த வீடு எவ்வாறோ இடிபடாமல் எஞ்சி, பின்னர்க் காட்சிச்சாலையின் ஒரு பகுதியாயிற்று. இரண்டு பெருநகரங்களை இணைக்கும் கோட்டில், இடையிலிருக்கும் ஓர் ஊர் கொடுத்த விலை இது. சுரபாயா மக்கள் பாய்களைத் தாமே மனமுவந்து கொணர்ந்து கொடுத்தார்கள்; கொக்கல மக்களிடம் அவ்வாறு கேட்டுப் பெறவில்லை.

1947 டிசம்பர் முதல் நாள், கான்ஸ்டலேஷன் என்னும் நான்கு இயந்திர விமானம் சிட்னியிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி ஆகிய ஆறு இடங்களில் மட்டுமே இறங்கிற்று. மொத்தம் நான்கு நாள்; பறந்த நேரம் ஏறத்தாழ 55 மணி. 1919-இல் ஐந்தில் ஒரு பங்காக இருந்த வானப்பொழுது, இப்போது பாதியைத் தாண்டிவிட்டது. 1959-இல் போயிங் 707 என்னும் ஜெட் விமானம் வந்தபின் முழுப்பயணமும் ஒன்றரை நாளுக்குள் அடங்கிற்று.

இனித்தான் நான் பிடித்துவைத்த பாதி மதிப்பெண் வருகிறது. 1959-இன் ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது. அறுபது ஆண்டு கழித்து வந்த விமானமும் ஏறத்தாழ அதே 900 தான். வேகம் நின்றுவிட்டது, நேரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. காரணம், இறங்குமிடங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. எஞ்சினின் சிக்கனமும் இறக்கையின் அமைப்பும் எடை குறைந்த புதுப் பொருள்களும் விமானத்தின் மூச்சை நீட்டின. இதற்கு எதிர்ச்சான்று ஒன்றும் உண்டு. ஒலியை மிஞ்சும் வேகத்தில், ஏனைய விமானங்களைப்போல் இருமடங்குக்கு மேல் விரைந்து பறந்த கன்கார்டு விமானம், 1985-இல் லண்டனிலிருந்து சிட்னிக்கு 17 மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் வந்தது. அத்துணை வேகத்துக்கு எட்டு ஒன்பது மணியில் வந்திருக்க வேண்டாவா? எரிபொருளுக்காக வழியில் இறங்கி இறங்கி வந்ததனால், வேகத்தால் பெற்ற ஊதியத்தில் பெரும் பகுதி தரையிற் போயிற்று.

1989 ஆகஸ்டில் போயிங் 747-400 விமானம் ஒன்று லண்டனிலிருந்து எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிடத்தில் சிட்னியை அடைந்தது. கட்டணப் பயணியர் ஒருவரும் இல்லை, சரக்கும் இல்லை. எரிபொருள் வீணாகாதபடி விமானத்தை ஓடுபாதை வரை வண்டியால் இழுத்துச் சென்றார்கள். பயணிகளை ஏற்றிக்கொண்டு இடையே இறங்காமல் செல்லும் ஒழுங்கான போக்குவரத்து 2018 மார்ச்சில் பெர்த்துக்கும் லண்டனுக்கும் இடையே தொடங்கிற்று. 14,500 கிலோமீட்டர், ஏறத்தாழ 17 மணி. 2019 நவம்பரில் போயிங் 787 விமானம் ஒன்று சோதனைக்காக ஐம்பது பேரளவில் ஏற்றிக்கொண்டு, லண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடத்தில் பறந்தது. 17,000-ஐ 900-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ பத்தொன்பது வரும். நூலின் கணக்கும் மணிக்கணக்கும் ஒருவழியாகச் சந்தித்துக்கொண்டன. அச்சோதனைத் திட்டத்துக்குச் 'சூரியோதயத் திட்டம்' என்று பெயர் வைத்தது, கொக்கலவிலிருந்து பறந்த அப்பழைய கேட்டலினாக்களை நினைந்தே.

இப்பெரும் வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. நோயுற்ற தாயைக் காண விரையும் மகனுக்கு ஒவ்வொரு மணியும் பொன் அல்லவா? ஆனாலும் அலகாபாத்தும் கராச்சியும் ரங்கூனும் இவ்வழிப் பயணியின் நாவிலிருந்து மறைந்துவிட்டன. சாளரத்தின் திரையை இழுத்துவிட்டு உறங்கும் இளைஞனுக்கு, தான் யாருடைய ஊரின்மேல் பறக்கிறோம் என்பதே தெரியாது.

தெரியவேண்டிய காலமும் இடையிடையே வருகிறது. 2022-இல் உக்ரேன் போர் மூண்டபின் ருஷ்ய வானம் மேலைநாட்டு விமானங்கள் பலவற்றுக்கு மூடப்பட்டது. நம் நூல் செல்லும் நேர்வழி அவற்றுக்கு இல்லாமற் போயிற்று. 2024 ஏப்ரலில் மேற்காசியாவில் பதற்றம் மிகுந்தபோது, பெர்த்திலிருந்து லண்டன் செல்லும் விமானம் ஈரானின் வானத்தைத் தவிர்த்துச் சுற்றிப்போக வேண்டியதாயிற்று. அந்தச் சிறிது மிகுதித் தூரத்துக்கு அதன் எரிபொருள் போதவில்லை. திரும்பி வரும் விமானத்துக்கு அத்தொல்லை இல்லை. உயர வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பெருங்காற்று அதனைத் தள்ளிக்கொண்டு வந்தமையால் லண்டனிலிருந்து பெர்த்துக்கு நிற்காமலே வந்து சேர்ந்தது. காற்றை எதிர்த்துப் போன விமானம் மட்டும், 1919-இல் ஸ்மித் சகோதரர்கள் இறங்கிய அதே சிங்கப்பூரில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு லண்டனுக்குப் போயிற்று.